உற்பத்தித் தொழிலில் கிரயக் கணக்கு: மட்டக்களப்பு, அம்பாறைத் தொழில்முனைவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரிசி ஆலை, அரைக்கும் ஆலை, கைத்தறி, சீமெந்துக் கல் பட்டறை, தயிர், சிற்றுண்டி என்று ஏதாவது ஒன்றைச் செய்து விற்பவர்களுக்காக இந்தப் பக்கம். உதாரணங்களில் வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்ச் சந்தை விலையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம், வரி, மின்கட்டணம் பற்றிச் சொல்வதெல்லாம் இலங்கை நடைமுறை.

வருட முடிவில் கணக்காளர் இலாப நட்டக் கணக்குப் போட்டுத் தருகிறார். அதற்கு மேல் கிரயக் கணக்கு எதற்கு?

அந்தக் கணக்கு முழுத் தொழிலுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்ணைத் தருகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் இலாபம் என்று அது சொல்லும். எந்தச் சரக்கு அந்த இலாபத்தைக் கொண்டுவந்தது, எது அதைத் தின்றது என்று சொல்லாது. மிளகாய்த்தூளில் வந்ததை மஞ்சள்தூள் தின்றுகொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதோடு அந்தக் கணக்கு கைக்கு வரும்போது வருடம் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். பெரும்போகத்தில் நடந்த இழப்பைச் சிறுபோகமும் முடிந்த பிறகு தெரிந்துகொண்டு என்ன செய்வது?

கிரயக் கணக்கு ஒரு கிலோ, ஒரு சாரம், ஒரு கல் என்று அலகுக்கு எவ்வளவு செலவானது என்பதைச் சொல்கிறது. விலை பேசும் நேரத்தில் உங்களுக்குத் தேவை அந்த எண்தான்.

நாங்கள் மூன்று பேர் மட்டும் வேலை செய்கிற சின்ன இடம். எங்களுக்கும் வேண்டுமா?

வேண்டும். பெரிய நிறுவனம் ஒரு சரக்கில் நட்டப்பட்டால் இன்னொன்றில் ஈடுகட்டும். உங்களிடம் இரண்டு சரக்குத்தான் இருக்கிறது. கணக்கும் அதற்கேற்ப சின்னதுதான். நாளுக்குக் கால்மணி நேரம் போதும்.

கிரயத்தில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

மூன்று பகுதி. முதலாவது மூலப்பொருள்: நெல், நூல், மிளகாய், சீமெந்து. வாங்கிய விலையோடு லொறிக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, தரகு எல்லாம் சேரும். இரண்டாவது, அந்தச் சரக்கைச் செய்பவரின் கூலி. மூன்றாவது மேந்தலைச் செலவு, அதாவது எந்த ஒரு சரக்கின் மீதும் நேரே எழுத முடியாத செலவுகள்: மின்சாரம், வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், திருத்த வேலை, காவல், இயந்திரத்தின் பெறுமானத் தேய்வு.

கூலியில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். மாதம் 40,000 ரூபா சம்பளம், 25 வேலை நாள் என்றால் ஒரு நாளுக்கு 1,600 என்று மனதில் ஒரு கணக்கு ஓடும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டுவது 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். ஆக 46,000. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்க வேண்டும். அதை மாதத்துக்குப் பிரித்தால் இன்னும் 1,667. சம்பளத்தோடு கூடிய லீவில் ஒரு நாள் போனால் வேலை நடப்பது 24 நாள். இப்போது ஒரு நாளின் விலை 1,986 ரூபா. 1,600-ஐ வைத்து விலை பேசியவர், ஒவ்வொரு ஆளுக்கும் நாளுக்கு நானூறு ரூபா அளவில் தன் கையிலிருந்து போடுகிறார்.

பெறுமானத் தேய்வு காசாகக் கையை விட்டுப் போவதில்லை. அதனால் அதை எழுத மறந்துவிடுகிறோம். 18 இலட்சத்துக்கு வாங்கிய இயந்திரம் பத்து வருடம் ஓடும் என்றால் மாதத்துக்கு 15,000. பத்து வருடம் இதை விலையில் சேர்க்காமல் விற்றவர், பதினோராவது வருடம் புதிய இயந்திரத்துக்காக வீட்டு நகையை அடகு வைக்கிறார்.

என் மனைவியும் மகனும் உதவி செய்கிறார்கள். இடமும் சொந்தம். அவற்றுக்குக் காசு கொடுப்பதில்லையே?

வரிக் கணக்கில் கொடுக்காத கூலியையும் வாடகையையும் எழுத முடியாது. விலை தீர்மானிக்கும் கொப்பியில் கட்டாயம் எழுதுங்கள். மகன் நாளைக்கு வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனால் அந்த இடத்துக்கு ஆள் வைக்க வேண்டும். கூலி கொடுத்தவுடன் நட்டத்துக்குப் போகும் தொழில், இன்றைக்கும் இலாபத்தில் ஓடவில்லை. வீட்டாரின் உழைப்பில் ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் பெண்கள் செய்யும் உற்பத்தி வேலை பெரும்பாலும் இப்படித்தான் கணக்கில் ஏறாமல் போகிறது. இடியப்பம் அவிக்கும் வேலையும், மோர்மிளகாய் போடும் வேலையும், தறிக்கு நூல் தார் சுற்றும் வேலையும் வேலைதான். அவர்களுடைய மணித்தியாலங்களை எழுதி, ஊரில் அந்த வேலைக்குக் கொடுக்கும் கூலியால் பெருக்குங்கள்.

அறுவடை நேரம் ஈர நெல் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்குவது இலாபம்தானே?

ஈரப்பதத்தை அளக்காமல் பதில் சொல்ல முடியாது. ஈரப்பதம் 20 சதவீதமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 930 கிலோ. நெல்லில் உள்ள காய்ந்த பகுதி 800 கிலோ, காய்ந்த பிறகு அது மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும், 800-ஐ 0.86 ஆல் பிரித்தால் 930. மீதி 70 கிலோ தண்ணீர். நீங்கள் அதற்கும் நெல் விலை கொடுத்தீர்கள்.

கிலோ 110 ரூபாவுக்கு வாங்கிய அந்த ஈர நெல், காய்ந்த பிறகு கிலோ 118 ரூபா 28 சதம். பக்கத்தில் ஒருவர் 14 சதவீதத்தில் காய்ந்த நெல்லை 118-க்குத் தந்தால் அவருடையதுதான் மலிவு. ஈர நெல்லுக்குக் காயவைக்கும் கூலி, இடம், மழைப் பயம் எல்லாம் இன்னும் இருக்கின்றன. ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வையுங்கள். சம்மாந்துறையிலும் வெல்லாவெளியிலும் அனுபவமுள்ளவர்கள் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமைக்கு மரியாதை உண்டு. ஆனால் 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல்லால் அளக்க முடியாது, ஒரு லொறி நெல்லில் அந்த இரண்டு சதவீதம் பெரிய காசு.

ஒரு கிலோ அரிசி எனக்கு என்ன விலைக்கு அடங்குகிறது? முழுக் கணக்கையும் காட்ட முடியுமா?

மேலே சொன்ன அதே 1,000 கிலோவைத் தொடர்வோம். பச்சை அரிசியாகக் குற்றுகிறோம் என்று வையுங்கள்.

நெல் 110,000
காயவைத்தல், ஏற்றி இறக்கல் 3,500
குற்றும் கூலி, நிதிக் கொடுப்பனவுகளோடு 4,000
மின்சாரம் 3,000
சாக்கு 2,200
உமி நீக்கும் ரப்பர் ரோல், திருத்த வேலை, பெறுமானத் தேய்வு 2,800
வாடகை, காப்புறுதி, காவல், மேற்பார்வை 3,500
மொத்தம் 129,000 ரூபா

930 கிலோ காய்ந்த நெல்லிலிருந்து முழு அரிசி 540 கிலோ, குறுணல் 65, தவிடு 85, உமி 200, தூசியும் கல்லும் சேதமும் 40. குறுணலைக் கிலோ 120-க்கும் தவிட்டை 60-க்கும் உமியை 3 ரூபாவுக்கும் விற்றால் 13,500 ரூபா வருகிறது. அதை மொத்தத்திலிருந்து கழித்தால் 115,500. அதை 540 ஆல் பிரித்தால் கிலோ 213 ரூபா 89 சதம்.

சரி, 214 என்று வைத்துக்கொள்வோம். இது ஆலை வாசலில் உள்ள விலை. கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்பும் லொறிக் கூலி, விற்பனைத் தரகு, கடனுக்குக் கொடுத்துத் திரும்பாமல் போகும் காசு எல்லாம் இதற்கு மேல்.

குறுணல், தவிடு, உமி மூன்றையும் ஏன் கழிக்கிறீர்கள்? அவற்றுக்கும் கிரயம் பிரிக்க வேண்டாமா?

பெறுமதி சிறிதாக இருக்கும் உபவிளைவை விற்கும் விலைக்கு மதித்துப் பிரதான விளைவின் கிரயத்திலிருந்து கழித்துவிடலாம் என்று கணக்கீட்டு நியமமே இடம் கொடுக்கிறது. குறுணலைத் தனியாக மாவாக்கிப் பொதி செய்து விற்கும் ஆலை என்றால் அது உபவிளைவு என்ற நிலையைத் தாண்டிவிட்டது. அப்போது விற்பனைப் பெறுமதிக்கு ஏற்ப நெல்லின் கிரயத்தைப் பிரித்து அதற்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

உமியை விற்காமல் புழுங்கல் கொதிகலனில் எரித்தாலும் எழுதுங்கள். அது விறகுச் செலவை மிச்சப்படுத்துகிறது. எழுதாவிட்டால் புழுங்கல் அரிசியின் கிரயம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

செலவைக் குறைக்க வேண்டும். கூலியிலிருந்து தொடங்கலாமா?

தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். மேலே உள்ள கணக்கில் கூலி 4,000, நெல் 110,000. அரிசி விளைவு ஒரே ஒரு சதவீதம் குறைந்து, ஒன்பது கிலோ முழு அரிசி குறுணலாகப் போனால், முழு அரிசியை 220-க்கு விற்பவருக்குக் கிலோவுக்கு 100 ரூபாவாக 900 ரூபா போகிறது. அந்த 900-ஐக் கூலியில் மீட்க வேண்டுமென்றால் குற்றும் ஆட்களின் சம்பளத்தில் கால்வாசியை வெட்ட வேண்டும். வெட்டினால் அனுபவமுள்ளவர் போய்விடுவார். அவர் போனால் விளைவு இன்னும் இறங்கும்.

அரிசி எங்கே உடைகிறது என்று பாருங்கள். உச்சி வெயிலில் சூடேறிய சீமெந்துத் தரையிலும் தார் வீதியிலும் மெல்லியதாகப் பரப்பி வேகமாகக் காயவைத்த நெல் உள்ளே வெடிக்கும். அது ஆலையில் உடையும். காய்ந்த நெல் ஒரு மழையில் நனைந்து திரும்பக் காய்ந்தாலும் அப்படித்தான். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் உடையும், எடையும் போகும். ரப்பர் ரோல் தேய்ந்திருந்தாலும், இடைவெளி சரியில்லாவிட்டாலும் உடையும். இந்த நான்கையும் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் முழு அரிசியையும் குறுணலையும் தனித்தனியாக நிறுத்து எழுதினால்தான் அவை கண்ணில் படும். கிரயக் கணக்கு அலுவலக அறையில் தொடங்குவதில்லை; தராசில் தொடங்குகிறது.

மிளகாய், மஞ்சள், அரிசிமா மூன்றையும் ஒரே இடத்தில் அரைக்கிறோம். பொதுச் செலவை எப்படிப் பிரிப்பது?

எல்லோரும் செய்வது எடைக்குப் பிரிப்பது. மாதத்துக்கு 1,500 கிலோ மிளகாய்த்தூள், 300 கிலோ மஞ்சள், 4,200 கிலோ மா. மொத்தம் 6,000 கிலோ. பொதுச் செலவு 120,000. கிலோவுக்கு 20 ரூபா என்று எல்லாவற்றிலும் சமமாக ஏற்றிவிடுவார்கள்.

ஆனால் பொதுச் செலவை உண்டாக்குவது எடையா, நேரமா? மின்சாரமும் தேய்வும் ஆளும் இயந்திரம் ஓடும் நேரத்தோடு போகின்றன. மஞ்சள் கட்டி, மெதுவாகத்தான் அரைபடும். அரைத்து முடிந்ததும் அடுத்த சரக்கில் நிறம் ஏறாதபடி இயந்திரத்தைக் கழற்றித் துடைக்க வேண்டும். அந்த நேரமும் மஞ்சளின் கணக்குத்தான். நேரத்தைக் குறித்துப் பார்த்தபோது மிளகாய்க்கு 90 மணித்தியாலம், மஞ்சளுக்கு 30, மாவுக்கு 80 என்று வந்தால், மொத்தம் 200. மணிக்கு 600 ரூபா. இப்போது மிளகாய்த்தூளுக்குக் கிலோ 36, மஞ்சளுக்கு 60, மாவுக்குப் பதினொன்றரை ரூபாவுக்குச் சற்றுக் குறைவு.

20 ரூபா ஏற்றிய கணக்கில் மா விலை கூடிவிட்டது, பக்கத்துக் கடைக்காரர் மலிவாக விற்கிறார் என்று கவலைப்பட்டிருப்பீர்கள். அதே நேரம் மஞ்சளைக் கிலோவுக்கு 40 ரூபா இழந்து விற்றிருப்பீர்கள். இரண்டு வாரம் ஒரு சுவர் மணிக்கூட்டையும் ஒரு கொப்பியையும் வைத்து நேரம் குறித்தாலே இந்தப் பிரிப்பு கிடைத்துவிடும். வருடம் முழுவதும் குறிக்கத் தேவையில்லை.

கைத்தறிக்கு இந்த முறை பொருந்துமா?

தறிக்குத் தொகுதிக் கிரயம் பொருந்தும், அதாவது ஒரு தொகுதிக்கு ஆன செலவை அதில் வந்த எண்ணிக்கையால் பிரிப்பது. மருதமுனையில் ஒரு பாவு (தறியின் நெடுக்கு நூல்) ஏற்றுவதற்கு முன்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று நெய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: நூலுக்குச் சாயம், தார் சுற்றல், பாவோடுதல், இழை பிணைத்தல். இந்த வேலைகளுக்கு 6,000 ரூபா ஆகிறது என்று வைப்போம். அந்தப் பாவில் 12 சேலை நெய்தால் சேலைக்கு 500. வாங்குபவர் வந்து, "ஒரு நிறத்தில் ஆறு போதும், இன்னொரு நிறத்தில் ஆறு தாருங்கள்" என்று கேட்டால் சேலைக்கு 1,000. நெய்யும் கூலி மாறவில்லை, நூல் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு சேலையிலும் 500 ரூபா கூடிவிட்டது. பாவு முனைகளில் வீணாகும் நூலும் இரட்டிப்பாகும்.

ஆகவே விலைப்பட்டியலில் எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஒரு நிறத்தில் 12 எடுப்பவருக்கு ஒரு விலை, ஆறு எடுப்பவருக்கு இன்னொரு விலை. வாங்குபவர்கள் இதை விளங்கிக்கொள்வார்கள், காரணத்தைச் சொன்னால் போதும். சின்ன எண்ணிக்கையில் விதவிதமாகச் செய்வது கைத்தறியின் பலம். அந்தப் பலத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எவ்வளவு விற்றால் கைநட்டம் வராது?

ஒரு சீமெந்துக் கல் பட்டறையை எடுப்போம். ஒரு கல்லின் விலை 90 ரூபா. சீமெந்து, மணல், கல்தூள், கல்லுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலி, டீசல் எல்லாம் சேர்ந்து 72. இவை மாறும் கிரயம். கல் செய்தால் மட்டும் வரும். மீதி 18 ரூபா பங்களிப்பு. காணி வாடகை, காவல், மேற்பார்வை, இயந்திரத் தேய்வு என்று கல் செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதத்துக்கு 108,000 நிலையான கிரயம். 108,000-ஐ 18 ஆல் பிரித்தால் 6,000 கல். அதுதான் சமப்பாட்டுப் புள்ளி. 25 நாள் வேலை நடந்தால் நாளுக்கு 240.

கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் மழை விடாது. 12 நாள்தான் வேலை நடந்தது என்றால் நாளுக்கு 500 கல் செய்ய வேண்டும், அது முடியாது. அப்படியானால் அந்த மாதங்களின் நிலையான கிரயத்தைச் சித்திரை முதல் புரட்டாதி வரை விற்கும் கல்தான் சுமக்க வேண்டும். பருவத்தைப் பொறுத்த தொழிலுக்கு மாதக் கணக்கில் சமப்பாட்டுப் புள்ளி பார்ப்பது பிழையான நிம்மதியையோ பிழையான பயத்தையோ தரும். வருடத்துக்குப் பாருங்கள்.

போட்டிக்காக 5 ரூபா குறைத்தால்? பங்களிப்பு 13 ஆகிறது. சமப்பாட்டுப் புள்ளி 8,308 கல்லுக்கு ஏறுகிறது. விலையில் ஆறு சதவீதம்கூடக் குறையவில்லை, விற்க வேண்டிய கல்லோ 38 சதவீதம் கூடிவிட்டது. விலையைக் குறைப்பதற்கு முன்னால் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிற்சாலை நடத்திய ஜொசையா வெட்ஜ்வுட், 1772-இல் வியாபாரம் படுத்தபோது உட்கார்ந்து ஒவ்வொரு பாண்டத்தின் செலவையும் எழுதிப் பார்த்தார். சில செலவுகள் எவ்வளவு செய்தாலும் அசையாமல் நிற்கின்றன என்று அவருக்கு அப்போதுதான் தெளிவானது.

ஒரு கொந்தராத்துக்காரர் 2,000 கல் கேட்கிறார், 80 ரூபாதான் தருவாராம். முழுக் கிரயத்தை விடக் குறைவு. கொடுக்கலாமா?

சமப்பாட்டுப் புள்ளியை அந்த மாதம் தாண்டிவிட்டீர்கள், ஆளும் இயந்திரமும் சும்மா நிற்கின்றன என்றால், கல்லுக்கு 8 ரூபா வீதம் 16,000 கூடுதலாக வரும். கொடுக்கலாம். ஆனால் வழக்கமான வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய கல் இதில் போகக் கூடாது. 80 ரூபா என்ற விலை ஊருக்குள் பரவி எல்லோரும் அதையே கேட்கும் நிலை வரக் கூடாது. காசு கைக்கு வர வேண்டும். ஆறு மாதக் கடனுக்கு 80 என்றால் அது 80 இல்லை. இந்த மூன்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்படியான ஓடரை எப்போதாவது எடுக்கலாம். தொழில் முழுவதையும் அதில் நடத்தினால் 108,000-ஐக் கட்ட ஆள் இருக்காது.

பழைய விலைக்கு வாங்கிய மூலப்பொருள் கையிருப்பில் இருக்கிறது. இப்போது விலை ஏறிவிட்டது. எந்த விலையில் கிரயம் போடுவது?

கணக்குப் புத்தகத்துக்கு ஒரு விலை, விலை பேசுவதற்கு இன்னொரு விலை. புத்தகத்தில் முதலில் வாங்கியது முதலில் போகும் முறையையோ நிறையிட்ட சராசரி முறையையோ பின்பற்றலாம். கடைசியில் வாங்கியதை முதலில் எடுத்ததாகக் காட்டும் முறைக்கு இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இடம் கொடுப்பதில்லை.

விற்பனை விலையைத் தீர்மானிக்கும்போது, அதே சரக்கைத் திரும்ப வாங்க இன்றைக்கு என்ன விலை என்று கேளுங்கள். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு, 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களில் 360-ஐ ஒட்டிப் போனது. இறக்குமதி நூலையும் சாயத்தையும் நம்பியிருந்தவர்களில், பழைய நூல் விலைக்கு இலாபம் வைத்து விற்றவர் புத்தகத்தில் இலாபம் கண்டார். அந்தக் காசில் முன்பு வாங்கிய அளவு நூலை வாங்க முடியவில்லை. தொழிலில் போட்ட முதல் கரைந்ததை இலாபம் என்று நினைத்து வீட்டுச் செலவுக்கு எடுத்தவர்களும் உண்டு.

வெள்ளத்தில் நனைந்து பழுதான இருப்பை மற்ற சரக்கின் கிரயத்தில் சேர்க்கலாமா?

கூடாது. வழக்கமாகப் போகும் சேதம், அதாவது தூசி, காம்பு, நூல் முனை, கிரயத்தில் சேரும். 2024 நவம்பர் வெள்ளம் போன்ற ஒன்றில் களஞ்சியத்துக்குள் தண்ணீர் வந்து கெட்டுப்போனது வழக்கத்துக்கு மாறான இழப்பு. அதை அந்தக் காலத்தின் நட்டமாகத் தனியாக எழுதுங்கள். அரிசிக் கிரயத்தில் ஏற்றினால் விலை தேவையில்லாமல் ஏறும், வாடிக்கையாளர் போய்விடுவார். பாதி கெட்டு மாட்டுத் தீவனத்துக்குப் போகும் நெல்லை, தீவன விலைக்கு மேல் இருப்பில் காட்டவும் கூடாது.

மின்கட்டணம்தான் கழுத்தை நெரிக்கிறது. என்ன செய்யலாம்?

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் திரும்ப 66 சதவீதம் என்று ஏறியது. பிறகு குறைப்பும் வந்தது. எப்படியிருந்தாலும் மின்சாரத்தை இப்போது ஒரு பொதுச் செலவாக விட்டுவைக்க முடியாது.

பெரிய கைத்தொழில் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், விலை மிக அதிகம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. உச்ச நேர நான்கு மணித்தியாலத்தில் பெரிய மோட்டார் ஓடாமல் வேலையை ஒழுங்குபடுத்த முடியுமா என்று பாருங்கள். இரவு வேலைக்குக் கூடுதல் கூலி வரும்; மிச்சமாகும் மின்சாரத்தோடு அதை ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள். அதோடு மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த மின்வலுவின் உச்ச அளவுக்கு (உச்சக் கேள்வி, கேவிஏ அலகில்) தனிக் கட்டணம் உண்டு. எல்லா இயந்திரமும் ஒன்றாக ஓடிய ஒரே ஒரு நாள் அந்த மாதப் பில்லை ஏற்றிவிடும். வேலையைப் பிரித்து ஓட்டுவதும், மின்னியலாளரைக் கொண்டு கப்பாசிட்டர் பொருத்தி வலுக்காரணியை (இழுக்கும் மின்வலுவில் வேலைக்குப் பயன்படும் பங்கை) சீராக்குவதும் அந்தப் பகுதியைக் குறைக்கும்.

நெல்லை வாங்கி வைத்து விலை ஏறும்போது குற்றினால் இலாபம் கூடும்தானே?

கூடலாம். வைத்திருப்பதற்கும் கிரயம் உண்டு. 118 ரூபா காய்ந்த நெல்லை ஆறு மாதம் வைத்தால், 15 சதவீத வட்டியில் கிலோவுக்கு 8 ரூபா 85 சதம். பூச்சி, எலி, எடைக்குறைவு இரண்டு சதவீதம் என்றால் 2 ரூபா 36 சதம். மருந்து, களஞ்சியம், காவல் 2 ரூபா. ஆக 131 ரூபாவைத் தாண்டினால்தான் வைத்ததில் பலன். அதே நெல்லுக்கு வட்டி 28 சதவீதமாக இருந்தால் வட்டி மட்டும் பதினாறரை ரூபா. சொந்தக் காசு என்றாலும் வட்டியை எழுதுங்கள். அந்தக் காசு வங்கியில் இருந்தால் வட்டி தந்திருக்கும்.

பெறுமதி சேர் வரியைக் கிரயத்தில் சேர்க்க வேண்டுமா?

2024 ஜனவரியிலிருந்து அந்த வரி 18 சதவீதம். நீங்கள் பதிவு செய்தவராக இருந்து, கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடிந்தால் அது கிரயமல்ல. பதிவு செய்யாதவருக்குத் திரும்பி வராது. அவருக்கு அது கிரயம்தான்.

இதற்குக் கணினி மென்பொருள் வாங்க வேண்டுமா?

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, தொகுதி இலக்கம், உள்ளே போன எடை, வெளியே வந்த எடை, சேதம், ஆள் மணித்தியாலம், இயந்திர மணித்தியாலம், மின்மானி வாசிப்பு. எட்டு நிரல். ஆலையில் நிற்பவரே எழுத வேண்டும், அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். மாலையில் ஞாபகத்தில் எழுதும் எண்கள் எல்லாம் உருண்டையாகவே இருக்கும். சில மாதம் ஒழுங்காக எழுதிய பிறகு கணினிக்கு மாற்றுங்கள். கொப்பியில் இல்லாததை மென்பொருள் கண்டுபிடிக்காது. எழுத ஆள் இல்லையென்றால், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வணிகமும் முகாமைத்துவமும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயிற்சிக்கு ஒருவரை எடுத்துப் பாருங்கள்; அவர்களுக்கு உண்மையான ஆலைக் கணக்கு கிடைக்கும்.

மாதா மாதம் எழுதியாகிவிட்டது. பிறகு அந்த எண்களை என்ன செய்வது?

எவ்வளவு ஆக வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு நியமக் கிரயம் வைத்துக்கொண்டு, ஆனதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் அதை விலையாலும் அளவாலும் பிரியுங்கள். 960 கிலோ மிளகாய்த்தூளுக்கு 1,000 கிலோ செத்தல் மிளகாய், கிலோ 900 ரூபா என்று கணித்திருந்தீர்கள்: 900,000. உண்மையில் 1,040 கிலோ போனது, வாங்கியது 880-க்கு: 915,200. மொத்தத்தில் 15,200 கூடிவிட்டது.

பிரித்துப் பார்த்தால், விலையில் கிலோவுக்கு 20 வீதம் 20,800 மிச்சம். அளவில் 40 கிலோ கூடுதலாகப் போனதால் 36,000 நட்டம். இந்த இடத்தில் வாங்கியவரைப் பாராட்டி, அரைத்தவரைத் திட்டிவிடாதீர்கள். 880 ரூபா மிளகாயில் காம்பும் ஈரமும் கூடுதலாக இருந்திருக்கலாம், மலிவு அதனால்தான் வந்திருக்கலாம். அடுத்த முறை விலை பேசும் முன்னால் மூடையிலிருந்து ஐந்து கிலோ எடுத்துக் காம்பு நீக்கி, ஒரு நாள் வெயிலில் போட்டுத் திரும்ப நிறுத்துப் பாருங்கள். எவ்வளவு குறைந்ததோ அதை வைத்து வியாபாரியிடம் பேசலாம்.